எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாவுக்கு எதுக்குத்தா சிட்டை?

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். நான் காரைக்குடியில காலேஜ் செகண்ட் இயர் படிக்கிறேன், வீடு பள்ளத்தூர் பக்கம். இந்த செமஸ்டர்ல ரைட்டிங் பேப்பர் இருக்கு, ஆறு கட்டுரை எழுதியாச்சு. கடைசியா "எழுதுறதுல நான் எப்படி வளர்ந்தேன்"னு நாலு பக்கம் எழுதி அந்த ஆறோட சேத்து ஃபைல் போட்டுக் குடுக்கணும். சொல்வளம் கூடிருச்சு, தன்னம்பிக்கை வந்துருச்சுன்னு எழுதிக் குடுத்தேன், மேடம் "இத யாரு வேணாலும் எழுதலாம்"னு திருப்பிக் குடுத்துட்டாங்க. என் முதல் கட்டுரை எழுதப் படிக்கத் தெரியாத எங்க அப்பத்தாவப் பத்தி. அதுக்கு 10க்கு 9, கிளாஸ்ல வாசிச்சப்ப ரெண்டு மூணு பேரு அழுதுட்டாங்க. அதுக்கப்புறம் எழுதுனது எதுவும் 7 தாண்டல. அப்ப நான் வளந்தேனா, தேஞ்சுட்டேனா? ராத்திரி அப்பத்தா சிட்டை எழுதி முடிச்சு எந்திரிச்சப்புறம்தான் எனக்கு மேசையே கிடைக்குது, அதுக்குள்ள தூக்கம் வந்துருது. வீட்ல யார்ட்டயும் காட்டல, அவங்களுக்கு இதெல்லாம் புரியாது.
பேர் வேண்டாம், பள்ளத்தூர் பக்கம்

பதில்: பேர் வேண்டாம்னு சொன்ன ஆத்தாவுக்கு,

உன் கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். முதல் தடவ எப்பவும் வர்ற கடிதம் மாதிரிதான் இருந்துச்சு, நவம்பர் ஏப்ரல் வந்தா இப்படி நாலஞ்சு வந்துரும், மார்க்கு கொறஞ்சிருச்சு நான் எழுத லாயக்கில்லையா ஆச்சின்னு, நானும் கட்டி ஓரமா வச்சுருவேன். ரெண்டாந்தடவதான் கண்ணுல பட்டுச்சு. "அப்பத்தா சிட்டை எழுதி முடிச்சு எந்திரிச்சப்புறம்"னு போறபோக்குல எழுதியிருக்கியே, அது எந்த அப்பத்தா? உனக்கு எத்தன அப்பத்தா இருக்காக? 9 மார்க்கு வாங்கிக் குடுத்தவுகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, உன் மேசையில தெனமும் உக்காந்து எழுதுறவுகளுக்கு வரவு பற்றெல்லாம் தெரியுது. ரெண்டும் ஒரே ஆளுதானே?

வெளியூர்க்காரவுகளுக்காகச் சொல்றேன், சிட்டைன்னா அன்னன்னைக்கு வரவு செலவு எழுதுற நோட்டு. அதுல இருக்கறத ஆள் ஆளாப் பிரிச்சுப் பேரேட்டுல ஏத்தணும், கடைசியா ஐந்தொகை, அதான் வரவும் பற்றும் சரியா நிக்குதான்னு பாக்குற மொத்தக் கணக்கு, அத எடுத்து நிறுத்திக் காட்டணும். பர்மா, மலேயா, சிலோன்ல வட்டிக்கடை நடந்த காலத்துல பெட்டியடிப் பையனாப் போனவுக அடுத்தாளாகி மேலாளாகி வர்றதுக்குள்ள இந்தக் கணக்க எழுதி எழுதி விரல் காய்ச்சுப் போயிரும். அந்தப் பக்கம் ஆம்பளைக கடல் தாண்டிக் கணக்கு எழுதுனா இந்தப் பக்கம் அவ்வளவு பெரிய வீட்டையும் வச்சுக்கிட்டு பொம்பளைகளும் கணக்கு எழுதிக்கிட்டுத்தான் இருந்தாக. நெல்லு வந்தது, கூலி குடுத்தது, எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன முறை செஞ்சதுன்னு எல்லாம் இருக்கும், மகளுக்கு வச்ச சாமானுக்குக் கூட லிஸ்டு இருக்கும், மங்குச் சட்டி எத்தன, தூக்கு எத்தனன்னு. மாகாணின்னா பதினாறுல ஒண்ணு, அரைக்கால்னா எட்டுல ஒண்ணு, இதெல்லாம் எங்க அப்பத்தா மனசுலயே போடுவாக, நான் போன எடுத்து கால்குலேட்டர் தேடுறேன். இந்த ஊருல பொறந்துட்டு, சிட்டை எழுதுற அப்பத்தாவ கைநாட்டு ஆக்க உனக்கு எப்படித்தா மனசு வந்துச்சு?

நீ என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியும். "அப்பத்தா அஞ்சாங்கிளாஸோட நின்னுட்டாங்க ஆச்சி, அதத்தான் கொஞ்சம் கூட்டி எழுதுனேன்"னு சொல்லுவ. இல்ல, கிரியேட்டிவ் ரைட்டிங்னா அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும்னு சொல்லுவ. கதைன்னு சொல்லிட்டு எழுதியிருந்தா நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன், கதையில அப்பத்தாவ ஊமையாக்கு, ராணியாக்கு, உன் இஷ்டம். "எங்க அப்பத்தா"ன்னு தலைப்பப் போட்டு, நம்ம வீட்டு முகப்பையும் வளவையும் ஆத்தங்குடிக் கல்லையும் உள்ள வச்சு, நெசம்னு நம்ப வச்சுத்தானே கிளாஸ அழ விட்ட? ஒண்ண எழுதாம விடலாம், யாரும் கேக்க மாட்டாக. இருக்கறத இல்லன்னு மாத்தக் கூடாது.

ஏன் மாத்துனன்னும் தெரியும். படிக்காத பாட்டி, பாசக்காரப் பாட்டி, கைநடுங்கி பேத்திக்கு ஆசீர்வாதம் பண்ற பாட்டி, வாட்ஸ்அப்ல தெனமும் ஒண்ணு வருதுல்ல. அத எழுதுனா அழுவாகன்னு உனக்குத் தெரியும். ராத்திரி கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கிட்டு, பால்காரருக்குக் குடுத்த பாக்கிய எழுதுற அப்பத்தாவப் பாத்து யாரும் அழ மாட்டாக. அதனால அவுக கையில இருந்த பேனாவ நீ பிடுங்கிட்ட.

எனக்கும் இது நடந்திருக்கு, அதான் இவ்வளவு கோவம். இருபது வயசுல ஒரு பத்திரிகைக்கு எங்க ஐயாவப் பத்தி எழுதுனேன், 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்ப ஐயா காட்டு வழியா நடந்தே ஊரு வந்து சேந்தாகன்னு. நெசத்துல ஐயா அதுக்கு முந்தின வருஷமே கப்பல்ல வந்து இறங்கிட்டாக. கப்பல்ல வந்தவுகளப் பத்தி என்னத்த எழுதுறதுன்னு நெனச்சு நடக்க விட்டுட்டேன். பத்திரிகை வந்தப்ப ஐயா திண்ணையில உக்காந்து கடைசி வரி வரைக்கும் படிச்சாக. கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு, "நடந்து வந்தது நானில்லத்தா, மேல வீட்டு அண்ணன். வழியில தம்பியப் பறிகுடுத்துட்டு வந்தாக. அவுக நடந்த நடையத் தூக்கி எனக்குக் குடுத்துட்டியே"ன்னு சொன்னாக. அவ்வளவுதான், திட்டக்கூட இல்ல. அந்த வாரம் பூரா அவுகளுக்குக் காபி கொண்டுபோய்க் குடுக்க எனக்குக் கை கூசுச்சு.

நீயும் அதத்தான் பண்ணியிருக்க. பள்ளிக்கூட வாசல மிதிக்க விடாம வளத்த பொம்பளைக நம்ம ஊர்ல எத்தனையோ பேரு, உங்க வீட்டுக்கு நெல்லவிக்க வந்தவுகளும் அதுல இருப்பாக, பாங்குல மை தொட்டு விரல வைக்கிறப்ப தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னவுக. அந்தக் குனிவு அவுகளோடது. அத எடுத்து உங்க அப்பத்தாவுக்குப் போட்டுவிட்டு 9 மார்க்கு வாங்கியிருக்க, இதுல ரெண்டு பேருக்கும் துரோகம்.

வளந்தேனா தேஞ்சேனான்னு கேட்டிருக்க. மத்த அஞ்சும் நான் படிக்கல, அதனால 7 வாங்குனதெல்லாம் நல்ல கட்டுரைதான்னு நான் சொல்லப் போறதில்ல, மோசமாவும் இருக்கலாம். ஆனா அந்த 9ஐ அளவுகோலா வச்சுக்கிட்டு மத்தத அளந்தா எல்லாம் குட்டையாத்தான் தெரியும், அந்தக் கோலே கோணல்.

உங்க மேடம் திருப்பிக் குடுத்தது சரிதான். சொல்வளம், தன்னம்பிக்கை, இதெல்லாம் இப்பப் போன்ல கேட்டா அதுவே எழுதிக் குடுத்துருது, அதுக்கு நீ எதுக்கு? அந்த நாலு பக்கத்துல மேடம் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், அன்னைக்கு இப்படி எழுதுன, இன்னைக்கு அது கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு. ஆறு கட்டுரையும் சிட்டைன்னா இப்ப நீ எடுக்கப் போறது ஐந்தொகை. சிட்டையில பொய்ய வச்சுக்கிட்டு ஐந்தொகை எடுத்தா நிக்காது, எங்க அப்பச்சி காலத்துல அப்படி நிக்காமப் போனா விடிய விடிய விளக்க வச்சுக்கிட்டுத் தேடுவாக, ஓரணாவுக்காக.

அதனால முதல்ல அந்த முதல் கட்டுரையோட பழைய டிராஃப்ட எடு. மேலயே திருத்தி எழுதிட்டேன் அது போயிருச்சுன்னு சொல்லாத, கூகுள் டாக்ஸ்ல எழுதியிருந்தா ஃபைல் மெனுவுல வெர்ஷன் ஹிஸ்டரின்னு இருக்கு, எங்க பேரன் காட்டுனான், எப்ப எத எழுதி எத அழிச்சன்னு வரிசையாக் காட்டுது. நோட்டுல எழுதியிருந்தா பழைய பேப்பர்காரர்ட்ட போயிருச்சான்னு பாரு. கோட்டையூர்ல இருந்த ரோஜா முத்தையா துண்டு நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகையக்கூட எறியாமச் சேத்து வச்சாரு, இன்னைக்கு அதுதான் சென்னை தரமணியில லைப்ரரியா நிக்குது. உன்னால ஆறு மாசத்து டிராஃப்ட வச்சுக்க முடியாதா? அதுல எந்த இடத்துல அப்பத்தா கைநாட்டு ஆனாகன்னு தேடு. மொத டிராஃப்ட்லயே அப்படியா, இல்ல ரெண்டாவதுல, இன்னும் கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும்னு யாராவது சொன்னப்புறமா? அந்த வரி எழுதுன ராத்திரி அப்பத்தா அதே மேசையில எழுதிட்டு எந்திரிச்சு போனாகல்ல, அப்ப உன் மனசுல என்ன ஓடுச்சு? இத எழுது. எங்க வீட்டுக் கணக்குல தப்பா எழுதுனத அழிக்க விடமாட்டாக, ஒரு கோடு இழுத்துட்டு பக்கத்துல சரியானத எழுதணும், ரெண்டும் கண்ணுக்குத் தெரியணும். நீயும் அந்த 9 வாங்குன கட்டுரைய ஃபைல்லேருந்து உருவிடாத, இருக்கட்டும். மேடம் மார்க்க கொறச்சா கொறைக்கட்டும், அது உனக்கு வந்தது இல்லையே.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு எல்லாத்தையும் விட எரிச்சல். "வீட்ல அவங்களுக்குப் புரியாது". கிளாஸ்ல முன்னப் பின்னத் தெரியாத அறுபது பேரு படிக்கலாம், யாரப் பத்தி எழுதுனியோ அவுக படிக்கக் கூடாதா? அவுகளுக்குப் புரியாதுன்னு நீ காட்டாம இருக்கல, நல்லாவே புரிஞ்சிரும்னுதான் காட்டாம இருக்க. உன் செமஸ்டர் ஃபீஸ் எந்தத் தேதியில எவ்வளவு கட்டுனாகன்னு அந்தச் சிட்டையில இருக்கும், காலேஜ் பஸ்ஸுக்குக் குடுத்தது இருக்கும், இந்தக் கட்டுரைய பிரிண்ட் எடுக்க நீ வாங்கிட்டுப் போன காசும் இருக்கும். வீட்டுச் சோத்தத் தின்னுட்டு வீட்ட வித்து எழுதுறவுகள நான் நெறையப் பாத்துட்டேன், அதுல பெரிய பேரு வாங்குனவுகளும் உண்டு, எனக்கு அவுக மேல மரியாதை இல்ல. எழுத்துக்கு வீட்டு ஆளுகட்ட பர்மிஷன் வாங்கணும்னு நான் சொல்லல. முகத்தப் பாத்து நிக்கணும்னு சொல்றேன்.

அப்பத்தாட்ட சிட்டைய வாங்கி போட்டோ எடுத்துக் கட்டுரையில ஒட்டலாம்னு இப்ப ஒரு யோசனை வந்திருக்குமே, அதுக்குள்ள போகாத. அவுகளாக் குடுத்தாப் பாரு.

சனிக்கிழமை காலேஜ் லீவுதானே. மதியத் தூக்கம் முடிஞ்சு காபி குடிச்சிட்டு வளவுல உக்காந்திருப்பாக, அப்ப கொண்டுபோ, பிரிண்ட் எடுத்தத, அந்த வரியோட. நீ வாசிச்சுக் காட்டாத. கண்ணாடிய எடுத்துக் குடு, அவுகளே படிச்சுக்கிடுவாக.