விந்துப் புரதச் சோதனை சினையை முன்கூட்டிச் சொல்லுமா?

கேள்வி: நான் சிங்கப்பூரில் யீஷூனில் வசிக்கிறேன். ஜொகூரில் என் 6 கறவைப் பசுக்களைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். அவற்றில் இரண்டுக்கு மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. விந்திலுள்ள புரதங்களைச் சோதித்தால் சினை பிடிக்குமா என்று முன்பே தெரியுமாம். அதற்குப் பணம் செலவிடலாமா?

பதில்: ஐயா, வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் கேள்விப்பட்டது பொய்யன்று. 1993இல் அமெரிக்காவில் ஹோல்ஸ்டைன் இனக் காளைகளின் விந்துநீரை ஆராய்ந்தவர்கள், சினைப்படுத்தும் திறன் மிகுந்த காளைகளில் இரண்டு புரதங்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள்; ஆஸ்டியோபான்டின் அவற்றுள் ஒன்று. விந்தணுவுக்குள்ளேயே இருக்கும் பி.எல்.சி. ஸீட்டா என்னும் புரதம் முட்டையை விழிக்கச் செய்கிறது. மனிதரில் அது குறைபட்டால், விந்தணுவை நேரே முட்டைக்குள் செலுத்தியும் கரு உண்டாகாமல் போவதுண்டு.

ஆயினும் இவை காளைக்கும் காளைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுமேயன்றி, உங்கள் பசுவுக்கு இன்று போடும் ஊசி நிற்குமா என்று சொல்லா. மேலும், விந்தை உறையவைத்து அடைத்திருக்கும் உறைவிந்துக் குச்சியில் முட்டை மஞ்சள் கருவோ பாலோ கலந்த கரைசல் சேர்ந்திருப்பதால், அவற்றின் புரதங்களும் சோதனையில் குழப்பும். இது விந்து நிலையத்தில், கரைசல் கலக்காத புதுவிந்தில் செய்ய வேண்டிய வேலை. அதே காளையின் குச்சியில் மற்ற பசுக்கள் சினையாகியிருந்தால், காளையை ஐயுற வேண்டியதில்லை.

நான் முதலில் ஐயுறுவது நேரத்தை. நம் வெக்கையில் பசுக்கள் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும்தான் சினைப்பருவம் காட்டும்; அதுவும் 12 முதல் 18 மணி நேரமே. காலையில் கண்டால் மாலையில் ஊசி போட வேண்டும். நீங்கள் சனிக்கிழமை உட்லண்ட்ஸ் பாலத்து நெரிசலைக் கடந்து போய் ஆளை அழைப்பதானால், பருவம் முடிந்திருக்கும். அந்தப் பொறுப்பைத் தம்பியிடமே விடுங்கள்.

அடுத்து, குச்சியை உருக்கும் விதம். உள்ளங்கையில் தேய்த்து உருக்குவோரைக் கண்டிருக்கிறேன், பார்க்கவே பதறும். வெப்பமானி வைத்து, 35 முதல் 37 பாகை நீரில் அரை நிமிடத்துக்குக் குறையாமல் வைத்து, நுனியை வெட்டுமுன் ஈரம் போகத் துடைக்க வேண்டும். உள்ளே இறங்கும் ஒரு சொட்டு நீரும் விந்தணுவைக் கொல்லும்.

பருவத்தின்போது பசுவின் அறையிலிருந்து வடியும் வழும்பையும் பாருங்கள். கண்ணாடிபோல் தெளிந்து தொங்கினால் நல்லது. கலங்கலாகவோ சீழ்த் திட்டுகளுடனோ இருந்தால் ஊசி போடாமல், கருப்பை அழற்சிக்குக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வழும்பு தெளிவாக இருந்து, சரியாக 21 நாளுக்கொரு முறை பருவம் திரும்பினாலும், நான்காவது ஊசிக்கு முன் அவ்விரண்டு பசுக்களின் கருப்பையையும் சூலகத்தையும் அவர் சோதித்துவிடட்டும்.