ஆவாரம்பூப் பொடி குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை. இப்போது பாக்கெட் ஆவாரம்பூப் பொடியைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார். மாத்திரை வேண்டாம் என்கிறார். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு வேறு. தொடரலாமா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது. நிறுத்த வேண்டியது அந்தப் பொடியை, இன்றைக்கே. மூன்று நாள் போக்கு என்பதால் மருத்துவரையும் உடனே பாருங்கள்.

ஆவாரை நல்ல மூலிகைதான். நீரிழிவுக்குச் சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்ற கஷாயம் தருகிறோம். ஆனால் அதில் கொன்றை, நாவல், மருதம்பட்டை எனச் சேர்த்து ஏழு சரக்குகள். வெறும் பூவைக் கொதிக்க வைத்தால் அது குடிநீர் ஆகிவிடாது.

போக்குதான் எனக்கு உறுத்துகிறது. ஆவாரை துவர்ப்புச் சரக்கு, வயிற்றை இளக்காது. தோல் பதனிடவே அதன் பட்டையைப் பயன்படுத்தினார்கள். வயிற்றை இளக்குவது நிலாவாரை என்ற வேறு செடியின் இலை. பெயர் ஒட்டி வருவதால் மாறிப்போகிறது. தெரிந்தே கலக்கும் தரகர்களும் உண்டு. பொடியை வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். பூப்பொடி மஞ்சளோடிய பழுப்பாக இருக்கும். பச்சையாக இருந்தால் ஏதோ இலையை அரைத்திருக்கிறார்கள். அரைத்த பொடியை வாங்கவே வாங்காதீர்கள். இதழும் காம்பும் தெரிகிற முழுப்பூவாக வாங்குங்கள்.

பாக்கெட்டில் பதினான்கு இலக்க எண் இருக்கிறதே என்பார்கள். அது உணவுப் பொருளுக்கான உரிமம். நோய் தீரும் என்பதற்கு அது சான்றாகாது. சித்த மருந்து என்றால் மருந்துத் தயாரிப்பு உரிம எண் தனியாக இருக்க வேண்டும். நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. எழுபது ஆண்டுகள் ஆகியும் கைபேசியைத் திறந்தால் அதே விளம்பரம்! யார் கேட்கிறார்கள்?

இன்னொன்று, அம்மாவின் மாத்திரை எது என்று சீட்டைப் பாருங்கள். மெட்பார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென இறங்கும் பயம் குறைவு. கிளிமிபிரைடு இருந்தாலோ இன்சுலின் போட்டாலோ கதை வேறு. நல்ல ஆவாரம்பூவே ஆனாலும் மருத்துவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள். மருந்தும் பூவும் சேர்ந்து சர்க்கரையை இறக்கினால் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். பசி மயக்கம் என்று படுக்க வைத்துவிடாதீர்கள். நினைவு இருந்தால் உடனே மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். மெட்பார்மினோடு கிளிமிபிரைடும் சேர்ந்த ஒரே மாத்திரையும் உண்டு. அட்டையில் இரண்டு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

சில பேருக்கு மெட்பார்மினே போக்கு உண்டாக்கும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டை, பொடி பாக்கெட் இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.