கல்லாய் உறைந்த தவளை எழுந்து தாவுமா?

கேள்வி: ஐயா, உறைய வைத்த பாரை மீன் இளகியதும் சதை தொளதொளத்துவிடுகிறது. உடம்பே உறைந்த தவளை மட்டும் எப்படி உயிரோடு எழுகிறது? மனிதரையும் அப்படி வைக்க முடியாதா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, மீன் இளகும்போது தட்டில் இளஞ்சிவப்பாக நீர் தேங்குவதைக் கவனித்திருப்பீர்கள். மெல்ல உறையும்போது பனி ஊசி ஊசியாக வளர்ந்து தசையைக் குத்திக் கிழித்துவிடுகிறது. கலங்களில் இருந்த நீர்தான் அப்படி வடிகிறது.

அலாஸ்கா, கனடாக் காடுகளில் சருகுக்கடியில் உறங்கும் அந்தத் தவளை கெட்டிக்காரி. தோலில் பனி பிடித்த உடனேயே ஈரல் தன் சேமிப்பைக் குளுக்கோசாக்கிக் குருதியில் கொட்டுகிறது. சீனி நிறைந்த கலத்துக்குள் பனி நுழைவதில்லை. தோலுக்கடியிலும் வயிற்றறையிலும்தான் கட்டுகிறது. உடல் நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உறைந்து, மூச்சும் இதயமும் நின்றுவிடும். தட்டினால் கல்லைப் போல் சத்தம் கேட்கும். பனி இளகியதும் முதலில் இதயம் துடிக்கும், கால்கள் பிறகு. அத்தனை சீனி நமக்கு ஏறினால் நினைவு தப்பி ஆசுபத்திரியில்தான் கிடப்போம்!

முழு மனிதரா? இறந்தவர்களைத் திரவ நைதரசனில் வைக்கும் நிறுவனங்கள் வெளிநாடுகளில் உண்டு. இதுவரை ஒருவரும் எழுந்து வரவில்லை. எனக்கு நம்பிக்கையும் இல்லை. உறுப்புகளின் கதை வேறு. தானமாகப் பெற்ற ஈரல் பனிப்பெட்டியில் சுமார் 12 மணி நேரமே தாங்கும். 2019இல் பொஸ்டனின் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள், குளுக்கோசைப் போன்ற, ஆனால் கலங்களால் எரித்துவிட முடியாத ஒரு பொருளை ஏற்றி, மனித ஈரல்களை −4 பாகை செல்சியசில் உறையாமலே வைத்தார்கள். அவற்றின் ஆயுள் 27 மணி நேரம் நீண்டது. யோசனை தவளையிடமிருந்து வந்தது. அவை ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஈரல்கள். நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டவை அல்ல.

கேள்வி: அந்தாட்டிக்காக் கடல் மீன் ஏன் உறைவதில்லை? நம் பாரையை அங்கே விட்டால்?
– வாசகர், சீனன்குடா

பதில்: அங்கே கடல்நீர் −1.9 பாகை வரை குளிரும். சாதாரண மீனின் குருதி அதற்கு முன்பே உறைந்துவிடும். அவ்வூர் மீன்களின் குருதியில் உள்ள ஒரு புரதம், பனித்துகள் முளைக்கும்போதே அதன்மேல் ஒட்டி வளரவிடாமல் தடுக்கிறது. 1960களில் ஆர்தர் டிவ்ரீஸ் கண்டறிந்தது இது. இதே வேலையைச் செய்யும் வேறொரு மீனின் புரதம் இன்று சில ஐஸ்கிரீம்களிலும் சேர்கிறது. நம் பாரை உறையும் வரை காத்திருக்காது தம்பி, குளிரிலேயே செத்துப்போகும்.