சிவந்த குடுவை ஏன் பச்சையானது?

கேள்வி: பொங்கலுக்கு வாங்கிய குடுவைச் செடியில் குடுவைகள் மாதுளைத் தோல் நிறத்தில் இருந்தன. எங்கள் வீடு நெருக்கமான சந்து. முன்னறை ஜன்னலில் வைத்தேன். இப்போது இலைகள் முழ நீளம். குடுவையோ கட்டைவிரல் அளவுதான், அதுவும் வெறும் பச்சை. உரம் போடலாமா ஐயா? – வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: போடாதீர்கள் அம்மா. செடிக்கு வெளிச்சம் போதவில்லை. இலை நீண்டதைச் செழிப்பு என்று நினைத்துவிட்டீர்கள். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கத்தான் அது அப்படி விரிகிறது. பூச்சியைப் பிடித்துச் சத்து எடுக்கும் இந்தக் குடுவையும் இலையின் நுனிதான். நடு நரம்பு கொடியாக நீண்டு, முனை உப்பிக் குடுவையாகிறது. வெளிச்சம் குறைந்தால் செடி முதலில் கைவைப்பது இந்தச் செலவில்தான். முனை அரிசி மணி அளவிலேயே நின்று கருகிவிடும். வேரில் உரத்தையும் கொட்டினால், பூச்சி பிடிக்க அது ஏன் மெனக்கெடப் போகிறது?

சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் நிறமி. வெயில் பட்டால் கூடும், நிழலில் மங்கும். ராயபுரத்தில் என் மொட்டை மாடியில் ஒரே குடுவை கிழக்கு பார்த்த பக்கம் செக்கச்செவேல், மதிலை ஒட்டிய பக்கம் வெளிர்பச்சை. ஆனால் எல்லா இனமும் இப்படிச் சிவக்காது. மேகாலயாவின் காசியானா, நம் நாட்டுக்கென்று இருக்கும் ஒரே நெப்பந்தஸ் (இந்தக் குடுவைச் செடிகளின் தாவரவியல் பெயர்), அதில் பச்சைதான் தூக்கல். உங்களுடையது அநேகமாக வென்ட்ராட்டா என்ற கலப்பு. வெளிச்சம் கொடுத்தால் நன்றாகவே சிவக்கும்.

அதற்காக நான் செய்த கூத்தைச் செய்யாதீர்கள். ஒரு சித்திரையில், ஜன்னலோரம் இருந்த செடியை நேரே மாடிக்கு ஏற்றினேன். மூன்றே நாளில் இலையெல்லாம் சுட்ட அப்பளம். முதலில் காலை வெயில் அரை மணி நேரம். இரண்டு வாரத்தில் மெதுவாக இரண்டு மணி நேரம் வரை கொண்டுபோங்கள். ஒன்பது மணிக்கு மேல் பச்சை வலைக்கு அடியில் இருக்கட்டும். காற்றில் ஈரம் இருந்தால்தான் குடுவை உப்பும். அந்த விஷயத்தில் கடலோரத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். தண்ணீரில்தான் வம்பு. நம் பக்கத்து உப்பு போர் தண்ணீர் ஆகவே ஆகாது; மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் ஏசி குழாயில் சொட்டுவதை.

திறந்துவிட்ட குடுவை இனி பெரிதாகாது. புதிதாக வரும் இலைகளைப் பாருங்கள். குட்டையாக, தடித்து, லேசாகச் செம்மை ஓடி வரும். இலை சின்னதாகிவிட்டதே என்று அப்போது இன்னொரு கடிதம் போட்டுவிடாதீர்கள்.