வாசகர் கேள்வி, நிபுணர் பதில்: எச்.ஐ.வி. மரபணு காட்டும் தடம்

வைரஸின் மரபணுவை வைத்தே எச்.ஐ.வி. எங்கே பரவுகிறது என்று கண்டுபிடிக்கிறார்களாமே? அது என்ன பரிசோதனை?
*கல்லூரி மாணவி, தஞ்சாவூர்*

இதற்கென்று தனியாக ரத்தம் எடுப்பதில்லை. அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் தொற்று உறுதியானதும், அந்த வைரஸ் எந்த மருந்துக்கு மசியாது என்று பார்க்க மருந்து எதிர்ப்புப் பரிசோதனை செய்வது வழக்கம். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்து வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். அதை டி.என்.ஏ.வாக மாற்றி, பி.சி.ஆர். முறையில் பல மடங்கு பெருக்கி, ஏ, சி, ஜி, டி என்று குறிக்கப்படும் மரபணு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறார்கள். எச்.ஐ.வி.யின் மரபணுத் தொகுதி ஏறக்குறைய 9,700 எழுத்துகள் நீளம். மாத்திரைகள் குறிவைக்கும் 'போல்' என்ற பகுதியில் ஆயிரம் எழுத்துச் சொச்சம் படித்தால் மருத்துவருக்குப் போதும்.

சிகிச்சைக்காகப் படித்த அதே வரிசைதான் கண்காணிப்புக்கும் பயன்படுகிறது. எச்.ஐ.வி. தன்னை நகலெடுக்கும்போது நிறையப் பிழை விடும். அதனால் ஒருவர் உடம்பில் இருக்கும் வைரஸ் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே போகும். இருவரின் வைரஸ் அநேகமாக ஒரே மாதிரி இருந்தால், அவை அண்மையில்தான் பிரிந்திருக்கின்றன என்று பொருள். கணினி எல்லா வரிசைகளையும் ஜோடி ஜோடியாக ஒப்பிடும். வேறுபாடு 1.5 சதவீதத்துக்குள், அதாவது ஆயிரம் எழுத்துக்குப் பதினைந்துக்குள் இருந்தால் தொடர்புள்ளவை என்று ஒரு கணக்கு. அண்மையில், வேகமாகப் பரவும் தொற்றைப் பிடிக்க அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 0.5 சதவீதத்தை வைத்துக்கொள்கிறது. அது ஏறக்குறைய இரண்டு மூன்று ஆண்டு மாற்றத்துக்குச் சமம். அப்படி நெருங்கிய வைரஸ் உள்ளவர்களின் குழுவைக் 'கொத்து' என்கிறார்கள். ஒரு கொத்தில் கடந்த 12 மாதங்களில் ஐந்து பேருக்காவது புதிதாகத் தொற்று உறுதியாகியிருந்தால், உடனே கவனிக்க வேண்டிய கொத்து என்று குறிக்கிறார்கள்.

இந்தக் கணக்கு தவறுவதும் உண்டா?
*ஆய்வக நுட்புநர், மதுரை*

உண்டு, பல இடங்களில். ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 500, 1,000-க்குக் கீழே போனால் பெருக்கும் படியிலேயே தோற்றுவிடும். அதனால், மருந்து நன்றாக வேலை செய்பவரின் வைரஸ் இந்தப் பட்டியலுக்கே வராது. ஒரே மருந்தைச் சாப்பிடும், ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத இருவரிடமும் ஒரே எதிர்ப்பு மாற்றம் தோன்றலாம். எனவே அந்த இடங்களை நீக்கிவிட்டு இன்னொரு முறை ஒப்பிட வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது கலப்பு எழுத்துகள்தான். ஒருவரிடம் ஓரிடத்தில் 'ஏ'யும் 'ஜி'யும் கலந்திருந்தால் கருவி 'ஆர்' என்று எழுதும். மென்பொருள் அதை இரண்டுக்கும் பொருத்தமாக எடுத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட எழுத்துகள் நிறைந்த வரிசை எல்லோருக்கும் சொந்தக்காரர்போல் தெரியும். ஆகவே கலப்பு எழுத்து விகிதத்துக்கு வரம்பு வைத்தாக வேண்டும். ஆய்வகத்தின் ஒப்பீட்டு வைரஸான 'எச்.எக்ஸ்.பி.2'-ஐ அப்படியே ஒத்த மாதிரி வந்தால், அது மாசு என்றே முதலில் சந்தேகியுங்கள். 500 எழுத்துக்கும் குறைவான வரிசையை ஒதுக்கிவிடுங்கள்.

நடைமுறையில் இதனால் யாராவது காப்பாற்றப்பட்டார்களா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு*

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வரிசைகள் வர வரக் கணினியே கொத்துகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு இருக்கிறது. 2014 ஜூனில் ஒரு கொத்தில் மூன்றே மாதங்களில் 11 புதிய தொற்றுகள் சேர்ந்ததை அது காட்டியது. அதில் எட்டுப் பேருக்கு வந்தது மருந்து எதிர்ப்புள்ள வைரஸ். பொது சுகாதாரக் குழு உடனே களத்தில் இறங்கியது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், ஸ்காட் கவுண்டி கதை சற்று வேறு. அங்கே வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டவர்களிடையே 2014 நவம்பரிலிருந்து ஓராண்டுக்குள் 181 பேருக்குத் தொற்று உறுதியானது. வரிசை படிக்கப்பட்ட 159 பேரில் 157 பேரின் வைரஸ் மிக நெருங்கியது. ஒரே வைரஸ் ஊசி வழியே காட்டுத்தீபோல் பரவியது உறுதிப்பட்டது. ஆனால் ஆட்களைத் தேடிப் போனது மரபணு அல்ல, களப்பணியாளர்கள். நோயாளிகள் சொன்ன 536 பேரில் 468 பேரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 2015-இல் புதிய ஊசி வழங்கும் திட்டமும் அங்கே தொடங்கியது. கணினித் திரையில் கொத்து தெரிந்து, கீழே பரிசோதனையும் மாத்திரையும் ஊசியும் போய்ச் சேரவில்லை என்றால் அந்தப் படத்தால் ஒரு பயனும் இல்லை.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இதை வைத்து நிரூபிக்க முடியுமா?
*சட்டக் கல்லூரி மாணவர், சென்னை*

முடியாது. இந்த ஒரு பதிலையாவது எல்லோரும் நினைவில் வையுங்கள். இரண்டு வைரஸ் ஒன்றுபோல் இருந்தால், முதலாமவர் இரண்டாமவருக்குக் கொடுத்திருக்கலாம், இரண்டாமவர் முதலாமவருக்குக் கொடுத்திருக்கலாம். இருவருக்குமே பரிசோதனைக்கு வராத மூன்றாமவரிடமிருந்து வந்திருக்கலாம். நடுவில் இன்னொருவர் இருந்திருக்கலாம். வழக்கமான சோதனையில் கிடைக்கும் ஒற்றை வரிசையால் இவற்றைப் பிரித்துச் சொல்ல இயலாது.

'இவர் இல்லை' என்று காட்டுவதில் மரபணு வலுவானது. லிபியாவின் பெங்காசி மருத்துவமனையில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று வந்தபோது, பல்கேரிய செவிலியர் ஐவர்மீதும் ஒரு பாலஸ்தீன மருத்துவர்மீதும் பழி விழுந்தது. அவர்கள் 1998 மார்ச்சில் வந்து சேர்வதற்கு முன்பே அந்த வைரஸ் அங்கே பரவிக்கொண்டிருந்தது என்று 2006-இல் மரபணு ஆய்வு காட்டியது. மறு ஆண்டு அவர்கள் விடுதலையாகி பல்கேரியா போய்ச் சேர்ந்தார்கள்.

எச்.ஐ.வி.யைப் பரப்பியதாகத் தண்டிக்கும் சட்டங்கள் அமெரிக்காவின் பல மாநிலங்களில் உள்ளன. தங்கள் வரிசை இப்படிப் பயன்படுவதே பல நோயாளிகளுக்குத் தெரியாது, சம்மதமும் கேட்கப்படுவதில்லை. அந்நாட்டு அதிபரின் எச்.ஐ.வி. ஆலோசனைக் குழுவே 2022-இல் இதை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. அந்தக் கோரிக்கை நியாயமானது.

நம் ஊரில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கோ ஆராய்ச்சிக்கோ ரத்தம் கொடுப்பவர் என்ன கேட்க வேண்டும்?
*வாசகி, திண்டுக்கல்*

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி பரிசோதனைக்கும் ஆராய்ச்சிக்கும் உங்கள் சம்மதம் தேவை. உங்கள் நிலையை வெளியே சொல்லவும் கட்டுப்பாடு இருக்கிறது. ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டால், மரபணு வரிசை எடுப்பார்களா, அதனுடன் பெயர் போகுமா, எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தாலும் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை நிற்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் ஆற்றுப்படுத்துநரிடம் கேளுங்கள், அல்லது எச்.ஐ.வி. உதவி எண் 1097-ஐ அழையுங்கள்.