அப்பாவுக்கு ஏது எஸ்டேட்?

கேள்வி: 38 வருடம் ரப்பர் எஸ்டேட்டில் பால் எடுக்க மரம் வெட்டிய என் அப்பா போன வருடம் இறந்தார். இப்போது வழக்கறிஞர் கடிதத்தில் ‘உங்கள் தந்தையின் எஸ்டேட்’ என்று இருக்கிறது. எஸ்டேட் துரைக்குத்தானே சொந்தம்? இது கேலியா, பிழையா? ஒரு சொல்லுக்கு ஒன்பது அர்த்தம் வைக்கும் ஆங்கிலத்தை ஏன் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறோம்?
- வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: கேலியும் இல்லை, பிழையும் இல்லை. செத்தவர் விட்டுப்போனது எல்லாமே சட்டத்துக்கு எஸ்டேட்தான்: தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, பேங்கில் கிடக்கும் பணம், வாசலில் துருப்பிடிக்கும் மோட்டார் சைக்கிள், எல்லாமே. அவர் பட்ட கடனையும் முதலில் அதிலிருந்துதான் கட்ட வேண்டும். நிலம், வீடு விட்டுப்போனவர்களின் வாரிசுகள் பெஜாபாட் தானாவில் (நில அலுவலகத்தில்) மனுப் போடுகிறார்களே, அதற்கான 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘சிறு எஸ்டேட்’ உண்டு. ரப்பர்க் கணக்கெடுப்பிலோ 100 ஏக்கர் தேறாவிட்டால் அது எஸ்டேட்டே இல்லை, சிறுதோட்டம்தான். உயிரோடு இருந்தால் 100 ஏக்கர் வேண்டும், செத்தால் இரண்டு அறை வீடு போதும்.

இந்தச் சொல் லத்தீனில் ‘நில்’ என்ற வினையிலிருந்து கிளம்பி, ‘நிலை’ என்றாகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒருவன் நிலையை அவன் நிலத்தை வைத்து அளந்த காலத்தில் நிலத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1789-இல் பிரான்சில் கூடிய சபையில் பாதிரிமார், பிரபுக்கள், மற்றவர்கள் என்று மூன்று எஸ்டேட். பத்திரிகைக்காரர்களை நான்காவது என்பார்கள். ஆக நானும் எஸ்டேட் ஆள்தான்.

சரி, தமிழ் மட்டும் யோக்கியமா? நில், நிலை, நிலம் மூன்றையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், லத்தீன்காரன் போன அதே ரோடு. ‘நான் தோட்டத்தில் பிறந்தவன்’ என்று தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினரிடம் ஒருமுறை சொல்லிவிட்டேன். ‘ஏன், பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லையா?’ என்றார் பாவம்! அவருக்குத் தோட்டம் என்றால் கத்தரிக்காய். நமக்கு லயன் வீடு, விடியற்காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), மாரியம்மன் கோயில். மலாய்க்காரர்தான் இதில் கறார்: அங்கே தோட்டத்துக்கு லாடாங் வேறு, செத்தவர் சொத்துக்கு ஹார்த்தா புசாக்கா வேறு.

ஆங்கிலத்தை அப்புறம் திட்டிக்கொள்ளலாம். முதலில் அப்பாவின் இறப்புப் பத்திரத்தையும் வீட்டு கிராண்டையும் (உரிமைப் பத்திரத்தையும்) தேடி எடுத்துக்கொண்டு அந்த வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள்.