மிருதங்கத்தின் உள்ளே: கேள்வி பதில்

முப்பது ஆண்டுகளாக மிருதங்கம் வாசித்தும் கற்பித்தும் வருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: ஐயா, என் மகளுக்கு எட்டு வயது. எந்த மிருதங்கம் வாங்கலாம்?

ஹெச்சு சுருதி, அதாவது உயர்ந்த சுருதி மிருதங்கம் போதும். நீளம் ஏறக்குறைய 22 அங்குலம் இருக்கும். தக்கு சுருதிக்கு, அதாவது தாழ்ந்த சுருதிக்கு உரியது அதைவிடப் பெரிது, குழந்தையின் மடிக்கு அடங்காது. பலா மரம்தானா என்று பாருங்கள். கடைக்குப் போகும்போது ஆசிரியரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: கச்சேரி நடுவே கல்லால் தட்டுகிறார்களே, எதற்கு?

சுருதி சேர்க்கத்தான். வலந்தலை என்னும் வலப்பக்க முகத்தைச் சுற்றிப் பின்னியிருக்கும் தோல் வளையத்துக்கு மூட்டு என்று பெயர். அதை மேலிருந்து தட்டினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். கீழிருந்து தட்டினால் இறங்கும். குளிரூட்டிய அரங்குக்கும் வெளிப் பந்தலுக்கும் தோல் ஒரே மாதிரி இருப்பதில்லை.

கேள்வி: வலந்தலை நடுவில் உள்ள கறுப்பு வட்டம் அழகுக்கா?

மிருதங்கத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. கரணை என்பது பெயர். பட்டறையில் சோறு என்பார்கள். வெறும் தோலைத் தட்டினால் எழும் உபரி ஒலிகள் ஒன்றோடொன்று இசையாமல் முட்டிக்கொள்ளும். நடுவில் எடை ஏறியதும் அவை அடிப்படை ஒலியின் 2, 3, 4, 5 மடங்கு அதிர்வெண்களில் வந்து அமர்கின்றன. அதனால்தான் ஒரு தோல்கருவியால் தம்புராவோடு சேர்ந்து நிற்க முடிகிறது. சி.வி. ராமன் 1920இல் இதைப் பற்றி எழுதினார். 1935இல் மேலும் விரித்து எழுதினார்.

அதை இடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மிருதங்கம் செய்பவர் கறுப்புக் கல்லைப் பொடித்து, சலித்து, வெந்த சோற்றோடு பிசைகிறார். சிறிது எடுத்துத் தோலில் பரப்பி, வழவழப்பான கல்லால் ஈரம் போகும்வரை தேய்க்கிறார். பிறகு அடுத்த பூச்சு. வட்டம் வரவரச் சிறுத்து நடுப்பகுதி தடிக்கிறது. தேய்க்கத் தேய்க்க மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடுகின்றன. அவை பழுதல்ல, அந்த நெகிழ்வு இல்லாவிட்டால் கரணை தோலோடு சேர்ந்து அதிராது. இடையிடையே விரலால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்கிறார். அந்தக் காதுக்கு எந்தப் பள்ளியிலும் பாடம் இல்லை.

கேள்வி: குச்சி மிருதங்கம், கப்பி மிருதங்கம், என்ன வேறுபாடு?

வலந்தலைத் தோல்களுக்கு இடையே ஈர்க்குச்சித் துண்டுகளைச் செருகினால் குச்சி. சிறு கல் துணுக்குகளை இட்டால் கப்பி. சாப்பு என்னும் வலந்தலை அடியில் கேட்கும் அந்த இரைச்சல் கலந்த நாதம் இவற்றால் வருகிறது.

கேள்வி: மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

என்னை உறுத்தும் கேள்வி இது. பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இதில் சேர்கிறது. அந்தத் தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார் பிடிப்பவர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் நாதத்தை வியக்காதவர் இல்லை. அவருக்கு மிருதங்கம் செய்து தந்த தஞ்சாவூர் பர்லாந்துவின் பெயரை ரசிகர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? மணி ஐயர் விரும்பிய நாதத்தைத் தோலில் கொண்டுவந்தவர் அவர். வாசிப்பவர் கேட்பார், செய்பவர் முயல்வார், ஒத்துவராது, மீண்டும் பிரிப்பார். நாம் இன்று கேட்கும் நாதம் அப்படித்தான் உருவானது. அதில் பாதியை மறைத்துவிட்டு மீதிக்கு மட்டும் பொன்னாடை போர்த்துவது அநியாயம்.

என் மாணவர்களின் அரங்கேற்ற அழைப்பிதழில் மிருதங்கம் செய்தவர் பெயரையும் அச்சிடுகிறேன். ஒரு சபாவில் அதை நீக்கச் சொன்னார்கள். நான் இடத்தை மாற்றிக்கொண்டேன்.

கேள்வி: தொப்பியில் (இடப்பக்க முகத்தில்) ஒட்டும் ரவைக்குப் பதில் சிலிக்கான் பசை ஒட்டலாமா?

பலர் ஒட்டுகிறார்கள், வேலை மிச்சம். நான் இன்னும் ரவையைத்தான் பிசைகிறேன். ஈரத்தில் கும்கி, அதாவது தொப்பியில் வழுக்கி எழும் கனத்த ஒலி, இழையும் விதம் எனக்கு வேண்டும். வாசித்து முடித்த அன்றே சுரண்டி எடுத்துத் துடைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் எறும்பு வரும், தோல் போய்விடும்.